மொட்டைத் தலைகளுக்கு நடுவே

"தங்கக் குதிரை ஏறித் தாசில் பண்ண வந்த ராசா" என்று ஒப்பாரிக்காரி செல்லியம்மா மாரில் அடித்துக்கொண்டு இழுத்தபோது, செத்துப்போனவரின் மனைவி ரத்தினம்மா கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விடிந்ததிலிருந்து அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

தாட்சாயணிக்கு அம்மாவைப் பார்க்கப் பயமாக இருந்தது. நைனா செங்கல்வராயன் நகரியில் தறி நெய்தவர். குதிரை ஏறியவர் அல்ல. எதிரே எருமை வந்தால் தெரு மாறிப் போகிறவர். செல்லியம்மாவோ பெரிய பண்ணைக்காரர் சாவுகளுக்கு ஒப்பாரி வைத்துப் பழகியவள். அதே குதிரையை இங்கேயும் ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

"கல்லு மாதிரி குந்திக்கினு கீறா பாரு" என்றாள் புத்தூரிலிருந்து வந்த ஒருத்தி. "புருஷன்மேல ஆசை இருந்தா இப்படியா?"

உச்சிப் பொழுதுக்குள் எடுத்துவிடுவார்கள். அதற்குள் அம்மா வாய்விட்டு அழாவிட்டால் அம்மா ஊரில் எங்கே போனாலும் இந்தப் பேச்சு அவளுக்கு முன்னால் போய் நிற்கும். அதைவிட, உள்ளே அடைத்துக்கொண்டது அவளை என்ன செய்யுமோ.

சித்தப்பா முனிகிருஷ்ணன் வந்து நின்றார். தாலுகா ஆபீஸ் பியூன். ஆந்திர ராஜ்யம் வந்த இரண்டு வருஷத்தில் அவருடைய தும்மல்கூடத் தெலுங்காகிவிட்டிருந்தது.

"செல்லியம்மா, ஆபீஸ்லருந்து நாலு பேர் வர்றாங்க. கொஞ்சம் தெலுங்குலயும் பாடேன்."

"உங்க அண்ணன் தமிழ்ல செத்தாரு" என்றாள் செல்லியம்மா. "நீ சாகறப்ப தெலுங்குல பாடறேன், போ."

அவர் போய்விட்டார். செல்லியம்மா தண்ணீர் குடிக்கத் தோட்டப்பக்கம் எழுந்தாள். தாட்சாயணியும் பின்னாலேயே போனாள். ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்ட பெண். வேற்று மனுஷரிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை. பேச வேண்டியதையெல்லாம் மூன்று நோட்டுப் புத்தகங்களில் எழுதி நெல் குதிருக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள்.

"நைனா குதிரையெல்லாம் ஏறல" என்றாள் தரையைப் பார்த்து.

"யாருதான் ஏறனாங்க? வேற இன்னா பாடறது? உங்கம்மா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறா. நீ சொல்லேன்."

தாட்சாயணி கண்ணை மூடிக்கொண்டு, முதல் நோட்டின் முதல் பக்கத்தை மனப்பாடமாக ஒப்பித்தாள். "அந்திச் சூரியன் செம்பட்டு விரிக்கையில், தறியின் ஓசை என் தந்தையின் இதய நாதமென..."

"நில்லு. இது யார் வூட்டுச் சாவு?"

தாட்சாயணிக்கு முகம் சுருங்கியது. மூன்று நாள் யோசித்து எழுதிய வரி.

"சூரியன் எல்லார் வூட்லயும்தான் சாயுது" என்றாள் செல்லியம்மா. "உங்க நைனா இன்னா செஞ்சாரு, அத்த சொல்லு. எங்க போனாரு? இன்னா துன்னாரு? எதுக்குச் சிரிச்சாரு?"

சூரியன் போயிற்று. இதய நாதமும் போயிற்று. மிச்சம் என்ன இருக்கிறது என்று தாட்சாயணி தேடினாள். இரண்டாவது நோட்டில் ஒன்று இருந்தது.

"கல்யாணமான பத்தாம் நாள் திருப்பதி போனாங்களாம். மொட்டை போட்டுக்கினு வந்த நைனா கூட்டத்துல வழி தப்பிட்டாராம். அம்மாதான் தேடிக் கண்டுபிடிச்சாங்களாம். நைனா சொல்வாரு."

"இத்த வெச்சிக்கினா செம்பட்டு விரிச்சிக்கினு இருந்த?" என்று செல்லியம்மா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"மொட்டை அடிச்ச ராசா, மோசம் போயி நின்ன ராசா, வழி தப்பிப் போனவர வந்து மீட்ட ரத்தினமே" என்று அவள் தொடங்கியதும் ரத்தினம்மாவின் தலை கூரையிலிருந்து இறங்கியது.

"தப்பு" என்றாள்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"அவரு தப்பல. நான்தான் தப்பனேன். பத்து நாள்ல மூஞ்சி எங்க பழகுச்சி? முடியும் போய்டுச்சி. எங்க பாத்தாலும் மொட்டை. எவனோ ஒரு மொட்டை பின்னாடி புஷ்கரணி வரைக்கும் போய்ட்டேன்."

புத்தூர்க்காரிதான் முதலில் சிரித்தாள். பிறகு யாராலும் அடக்க முடியவில்லை.

"அப்புறம் வந்து அடிச்சாரா?" என்றாள் செல்லியம்மா, வேண்டுமென்றே.

"அவரா அடிப்பாரு? அந்த ஆளுக்கு ஒரு கும்பிடு போட்டாரு. 'இது எங்க வூட்டுப் பொண்ணு சாமி'ன்னாரு. அந்த ஆளு தெலுங்கு. ஒண்ணும் புரியாம அவனும் கும்பிட்டான்." அவள் நிறுத்தினாள். "இத்த யாரு உனக்கு மாத்திச் சொன்னது?"

செல்லியம்மா தாட்சாயணியைப் பார்த்தாள். அறையே தாட்சாயணியைப் பார்த்தது.

"நைனாதான்" என்றாள். "எப்ப சொன்னாலும் அப்படித்தான் சொல்வாரு. அவரு தொலைஞ்சதாவும், நீ கண்டுபிடிச்சதாவும்."

"உங்கிட்டயுமா?"

"எல்லார்கிட்டயும்."

ரத்தினம்மா புருஷனின் முகத்தைக் குனிந்து பார்த்தாள். செல்லியம்மா அடுத்த அடிக்கு எடுத்த மூச்சை அப்படியே விட்டுவிட்டாள்.

வெளியே சங்கு ஊதினார்கள். ஆண்கள் உள்ளே வந்து பாடையைத் தூக்கினார்கள். முனிகிருஷ்ணன் முன்பக்கம் இடது மூங்கிலைப் பிடித்திருந்தார். நிலைப்படியைத் தாண்டும்போது பாடை அந்தப் பக்கம் சற்றுச் சாய்ந்தது.

"அவர இடது தோள் பக்கம் சாய்க்காத" என்றாள் ரத்தினம்மா. குரல் நடுவில் உடைந்திருந்தது. "தறி நெஞ்சி நெஞ்சி அந்தத் தோள் வலிக்கும் அவருக்கு."

முனிகிருஷ்ணன் எந்த மொழியிலும் ஒன்றும் சொல்லவில்லை. தோளை உயர்த்தி, பாடையை நிமிர்த்திச் சமமாகப் பிடித்துக்கொண்டு, மெதுவாகப் படி இறங்கினார்.