நிதானமாச் சொல்லுப்பா

என் வாய் சும்மா இருக்காது. மிசிசிப்பி டெல்டாவில், பருத்திக் காட்டுக்கும் மீன் குளங்களுக்கும் நடுவில் கிடக்கும் எங்கள் ஊரில் வெர்லீன் என்று கேட்டுப் பாருங்கள், "அந்த வாயாடியா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். கெளுத்தி மீன் ஆலையில் கத்தியும் கையுமாக நிற்கும்போதும் பேசுவேன். சர்ச்சில் கேட்கவே வேண்டாம். எங்கள் பெத்தேல் சர்ச்சில் பாஸ்டர் பேசும்போது வாயை மூடிக்கொண்டு உட்காருவது மரியாதை இல்லை. அவர் ஒன்று சொன்னால் நாம் ஒன்று சொல்ல வேண்டும். "ஆமென்!", "அப்படிச் சொல்லுங்க பாஸ்டர்!" யாராவது கடவுள் தனக்குச் செய்த நன்மையைச் சாட்சி சொல்ல எழுந்து, தொண்டை அடைத்துப் பாதியில் நின்றுவிட்டால், "நிதானமாச் சொல்லும்மா, நிதானமா" என்று நாலு பக்கமிருந்தும் குரல் வரும். அதைப் பிடித்துக்கொண்டு அவர்கள் மேலே பேசிவிடுவார்கள். பேசுகிற மனுஷரைத் தனியாக விட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான்.

இந்த வாயால்தான் ஒரு தடவை கோர்ட்டிலிருந்து என்னைத் திருப்பி அனுப்பினார்கள். சில வருஷம் முன்னால் ஜூரிக்குக் கூப்பிட்டிருந்தார்கள், கேஸைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் பன்னிரண்டு பேரைப் பொறுக்க. குற்றம் சாட்டப்பட்டவனின் வக்கீல் ஏதோ நல்ல வார்த்தை சொன்னார், நான் பழக்கதோஷத்தில் "சரிதான்யா" என்றேன். ஓட்டில் ஜெயித்து வந்த எங்கள் அரசு வக்கீல் ஸ்டாக்டன் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். 'இந்த அம்மா எதிர்த்தரப்புக்கு ஒத்து ஊதுகிறார், வேண்டாம்' என்று நீக்கிவிட்டாராம். நானும் போடா என்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இந்த வருஷம் மறுபடியும் கூப்பிட்டார்கள். இந்தத் தடவை போடா என்று வர முடியாது. ஏனென்றால் இது மார்க்கெல் கேஸ்.

மார்க்கெல் பக்கத்து ஊர்ப் பையன், எங்களைப் போலக் கறுப்பினம். நான் பார்த்ததில்லை, பேப்பரில் வந்த படம்தான் தெரியும். நெடுஞ்சாலையோரப் பெட்ரோல் பங்கில் துப்பாக்கி காட்டிக் கொள்ளையடித்ததாகக் கேஸ். கடைக்காரர் பார்த்தது உயரமான ஒரு கறுப்பு இளைஞனையும் ஒரு சிவப்புத் தொப்பியையும். மார்க்கெல் உயரம். மார்க்கெலிடம் சிவப்புத் தொப்பி இருந்தது. அட, எங்கள் பக்கத்தில் சிவப்புத் தொப்பி இல்லாத பையன் யார்? பாஸ்டர் மகனிடமே இரண்டு இருக்கிறது.

கோர்ட்டுக் கடிதம் வந்த அன்று சாயங்காலம் என் தம்பி ஹோசியா வந்து என் சமையலறையில் உட்கார்ந்தான். சோள ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து வைத்தானே தவிர வாயில் போடவில்லை.

"அக்கா, இந்தத் தடவை உன் வாய்க்குப் பூட்டுப் போடு."

"என்னடா மிரட்டுற?"

"மிரட்டல, கெஞ்சறேன். அந்தப் பன்னெண்டு பேர்ல நம்ம ஆளு ஒருத்தராவது உக்காரணும். நீ ஒண்ணும் அவனைக் காப்பாத்த வேணாம். தப்பு செஞ்சிருந்தா செஞ்சான்னு சொல்லு. ஆனா அவன் பேசறதைக் கேக்க அங்க ஒரு காது வேணும்."

ஹோசியா கெஞ்சி நான் பார்த்ததில்லை. இருபத்திரண்டு வயதில் ஒரு லாரியிலிருந்து டயர் திருடினான். திருடினான்தான், நான் மறைக்கவில்லை. நான் அப்போது வேலைக்காக சிகாகோவில் இருந்தேன். பன்னிரண்டு வெள்ளை முகங்கள் வரிசையாக உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லின. ஜட்ஜ், "ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்று கேட்டார். இவன் மன்னிப்புக் கேட்கத்தான் எழுந்தான். "ஐயா, எங்க அம்மா..." என்று ஆரம்பித்தான், தொண்டை அடைத்துக்கொண்டது. யாரும் ஒரு சத்தம் போடவில்லை. "அவ்வளவுதானே, உட்கார்" என்றுவிட்டார் ஜட்ஜ். அதே டயரை ஒரு வெள்ளைக்காரப் பையன் திருடியிருந்தால் அவன் அப்பாவைக் கூப்பிட்டுப் பேசி அனுப்பியிருப்பார்கள். எங்களுக்குத் தெரியாதா? இவன் சில வருஷம் உள்ளே இருந்துவிட்டு வந்தான். தண்டனை முடிந்தது, ஓட்டு மட்டும் திரும்பி வரவில்லை. எங்கள் மாநிலத்தில் திருட்டுக்கு ஓட்டுப் போனால் சாகும்வரை போனதுதான். ஜூரிக்கு ஆள் எடுப்பது வாக்காளர் பட்டியலிலிருந்து. ஆக, கோர்ட்டு எப்படியிருக்கும் என்று யாருக்கு நன்றாகத் தெரியுமோ, அவனைத் தவிர மற்ற எல்லோரையும் கூப்பிடுவார்கள்.

இன்னொரு வேடிக்கை. அதே கோர்ட்டு வாசலில் புல் வெட்டுகிற வேலை அவனுக்கு. வாராவாரம் போய் அழகாக வெட்டிவிட்டு வருவான். படி மட்டும் ஏற மாட்டான். தண்ணீர் குடிக்கக்கூட உள்ளே போனதில்லை.

"சரிடா, வாயைத் திறக்க மாட்டேன்" என்றேன்.

வாயை மூடுவதென்றால் சும்மாவா? பழகிப் பார்க்கலாம் என்று சர்ச்சிலேயே ஆரம்பித்தேன். முதல் ஞாயிறு, மடியில் கையை வைத்துக்கொண்டு கல்லு மாதிரி உட்கார்ந்தேன். பாஸ்டர் செங்கடல் பிளந்ததைச் சொன்னார். நான் மூச்சு விடவில்லை. துரத்தி வந்த எகிப்து ராஜா பார்வோனின் சேனை முழுகியது. நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். பாஸ்டர் என் பக்கம் பார்த்தார், தடுமாறினார், பார்வோனை மறுபடி ஒருமுறை மூழ்கடித்துப் பார்த்தார். கடைசியில் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு, "சிஸ்டர் வெர்லீன், உடம்புக்கு என்ன? இல்ல, நான் ஏதாவது தப்பாச் சொல்லிட்டேனா?" என்று கேட்டுவிட்டார். சர்ச்சே திரும்பிப் பார்த்தது. என் மானம் போனது. அடுத்த ஞாயிறு அவர் மனைவி கோழி சூப் கொண்டுவந்தாள்.

இருந்தாலும் பழகிக்கொண்டேன். கோர்ட்டுக்குப் போன அன்றைக்கு நான் வேறே பொம்பளை.

காலையிலிருந்து ஆள் பொறுக்கினார்கள். எங்கள் ஆட்கள் ஒரு கை விரல் அளவுக்குத்தான் இருந்தோம். ஒருத்தரை, பபிள்கம் மென்றார் என்று அனுப்பினார் ஸ்டாக்டன். இன்னொரு பெண், கைதாகிறவர்கள் அதிகம் இருக்கிற தெருவில் குடியிருக்கிறாளாம். அதே தெருவில் நானும்தானே இருக்கிறேன் என்று வாய்வரை வந்தது, விழுங்கினேன். ஒவ்வொருவராகப் போய், நான் ஒருத்தி மிஞ்சினேன்.

மார்க்கெலை அப்போதுதான் நேரில் பார்த்தேன். யாரோ கொடுத்த கோட்டு, தோள் பக்கம் தொங்கியது. பின்னால் அவன் அம்மா. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். ஐயோ, அது எவ்வளவு கஷ்டமாயிருந்தது!

ஜட்ஜ் எங்களுக்கெல்லாம் பொதுவாகச் சொன்னார்: "குற்றம் நிரூபிக்கப்படும்வரை இந்த இளைஞர் நிரபராதி."

எப்பேர்ப்பட்ட வார்த்தை! என் நெஞ்சுக்குள் 'ஆமென்' என்று மணி அடித்தது. பல்லைக் கடித்து உட்கார்ந்தேன். என் பக்கத்தில் ஒரு வெள்ளைக்கார விவசாயி, சோயா பயிரிடுகிறவர், நல்ல மனுஷர்தான், சத்தமாக "ஆமென்!" என்றார். ஜட்ஜ் சிரித்தார். ஸ்டாக்டனும் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். விவசாயியை ஜூரியில் உட்கார வைத்தார்கள்.

என்னை அனுப்பிவிட்டார்கள்.

வெளித் தாழ்வாரத்தில் மார்க்கெலின் வக்கீல் ஃபேர்லி அம்மாவை மறித்தேன். ஒல்லியான வெள்ளைக்காரப் பெண், கையில் கட்டுக் கட்டாகக் கேஸ், பாவம், காலையில் சாப்பிட்டாளோ என்னவோ.

"நான் என்னம்மா தப்புப் பண்ணேன்? ஒரு வார்த்தை பேசலியே?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். "நானும் ஜட்ஜ்கிட்ட அதைத்தான் கேட்டேன். அவர் ஸ்டாக்டனைக் காரணம் சொல்லச் சொன்னார். 'அந்த அம்மா மூஞ்சியை உம்முன்னு வெச்சிருந்தாங்க, எதுக்கும் அசையல, கோர்ட்டு மேல வெறுப்பு இருக்கும்போல'ன்னு ஸ்டாக்டன் சொன்னார். ஜட்ஜ் அது போதும்னுட்டார்."

ஆலையில் கத்தி கையிலிருக்கும்போது அந்த ஆளை நினைக்காமலிருப்பது நல்லது. ஓட்டுக் கேட்டு எங்கள் சர்ச்சுக்கு வரும்போது எங்கள் கையால் பொரித்த மீனை விரல் நக்கித் தின்கிறவர்தானே இவர்! அன்றைக்கு எங்கள் மூஞ்சியெல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

வாசலில் ஹோசியா இயந்திரத்தை நிறுத்திவிட்டு நின்றிருந்தான். என் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"பேசிட்டியா?"

"பேசலடா. பேசலைன்னுதான் அனுப்பிட்டாங்க."

அவன் சிரிக்க ஆரம்பித்தான். சிரித்துச் சிரித்து இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டான். நிமிர்ந்தபோது கண் நனைந்திருந்தது. "அப்ப ஆமென்னாவது சொல்லிட்டு வந்திருக்கலாமேக்கா" என்றான்.

ஜூரியில் உட்காரத்தான் விடமாட்டார்கள், பின் பெஞ்சில் உட்கார யாரும் தடுக்க முடியாதே! ஆலைக்கு லீவு சொல்லிவிட்டு விசாரணை முழுக்கப் போய் உட்கார்ந்தேன். அந்த ராத்திரி பையன் வீட்டில்தான் இருந்தான் என்று அவன் அம்மா அழுது சொன்னாள். ஜூரியில் ஒரு அம்மாள் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைக்காரர், "தொப்பியை நல்லா ஞாபகமிருக்கு" என்றார். பன்னிரண்டு பேர் உள்ளே போனார்கள், காபி ஆறுவதற்குள் திரும்பி வந்தார்கள். குற்றவாளி.

ஹோசியாவிடம் போய்ச் சொன்னேன். புல் ஏற்கனவே வெட்டி முடித்திருந்தான், இருந்தும் வெட்டின இடத்தையே வெட்டிக்கொண்டிருந்தான். நான் மட்டும் உள்ளே திரும்பினேன்.

ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தண்டனை சொல்வதற்கு முன் நீ ஏதாவது சொல்ல வேண்டுமா?"

மார்க்கெல் எழுந்தான். மேஜையைப் பிடித்துக்கொண்டான்.

"ஐயா, நான்..." என்றான். நின்றுவிட்டது. தோள் குலுங்கியது. "ஐயா, நான்..."

அங்கே இருந்த அமைதியை என்னவென்று சொல்ல? விசிறி சுற்றுகிற சத்தம்தான் கேட்டது. ஜட்ஜ் கண்ணாடியை மாட்டினார். அவர் வாய் திறக்கப்போவது தெரிந்தது. நானும் வாயைத் திறந்தேன். நம்புவீர்களோ மாட்டீர்களோ, சத்தம் வரவில்லை. அத்தனை ஞாயிறு பழக்கின பூட்டு, திறக்க வேண்டிய நேரத்தில் திறக்கவில்லை. எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது.

அப்போது கதவுப் பக்கமிருந்து ஒரு குரல்.

"நிதானமாச் சொல்லுப்பா."

ஹோசியா. தொப்பி கையில். பேண்ட் முழங்கால்வரை புல் ஒட்டியிருந்தது, நடந்து வந்த தடத்திலெல்லாம் பச்சையாக உதிர்ந்து கிடந்தது. அந்தப் படியை அவன் எப்போது ஏறினான், கடவுளுக்குத்தான் தெரியும்.

"யார் அது?" என்றார் ஜட்ஜ்.

கோர்ட்டுக் காவலர் திகைத்துப்போய், "நம்ம புல்லுக்காரன், சார்" என்றார்.

ஹோசியா ஜட்ஜைப் பார்க்கவில்லை. "நிதானமா, ராசா. அவங்க காத்திருப்பாங்க. நாங்க இருக்கோம்" என்றான்.

என் பூட்டு உடைந்தது. "சொல்லு கண்ணு!" என்று கத்தினேன். பையனின் அம்மா, "சொல்லுடா" என்றாள். பபிள்கம் ஆளும் வந்திருந்தார் போல, அவர் குரலும் கேட்டது. ஜட்ஜ் சுத்தியலைத் தட்டிக்கொண்டே இருந்தார். ஜூரி வரிசையில் அந்த விவசாயி குனிந்து தன் பூட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்க்கெல் திரும்பி எங்களைப் பார்த்தான். பிறகு நேரே நின்றான்.

"ஐயா, நான் அங்கே இல்லை. எங்க வீட்ல எங்க அம்மாவோட இருந்தேன். இதை எத்தனை வருஷம் கழிச்சுக் கேட்டாலும் இதேதான் சொல்வேன். அவ்வளவுதான் ஐயா."

தெளிவாகச் சொன்னான். ஒரு வார்த்தை பிசகவில்லை. சுருக்கெழுத்துப் பெண் அத்தனையும் தட்டிக்கொண்டாள். மேல் கோர்ட்டுக்கு அது உதவும் என்று ஃபேர்லி அம்மா பிறகு சொன்னாள், பார்ப்போம். அன்றைக்கு அவனுக்குக் கிடைத்தது முப்பது வருஷம். எங்களைக் காவலர் வெளியே தள்ளிக்கொண்டு வந்தார். ஹோசியாவிடம் மட்டும் அவர் மெதுவாக, "பார்த்துப் போப்பா" என்றார்.

தன் சின்ன லாரியில் ஏறி உட்கார்ந்த பிறகும் ஹோசியா சாவியைத் திருப்பவில்லை.

"நவம்பர் தேர்தல்ல ஸ்டாக்டன் மறுபடி நிக்கறார் இல்ல?" என்றான்.

"நிக்கறார். எதிர்த்தும் ஒரு பொண்ணு நிக்கறா இந்தத் தடவை."

"எனக்கும் சேத்துப் போடுக்கா."

"ஒரு ஓட்டுதான்டா குடுப்பாங்க."

கண்ணாடி வழியாகக் கோர்ட்டுப் படியைப் பார்த்தான். படியெல்லாம் அவன் காலில் ஒட்டியிருந்த புல்.

"அப்ப நிதானமாப் போடு" என்றான்.

அவன் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.