மூலத்தில் இல்லாத முகம்

உள்ளங்கை அளவே இருந்த கடல் படம் ஒன்று ஒரே இரவில் சுவரளவுக்கு வளர்ந்துவிட்டதால், நூலகத்தின் படப் பிரிவுக்கு இரண்டாவது கதவு வைக்க வேண்டியதாயிற்று. தப்பு படத்தின் மேல் இல்லை. அச்சு நகலின் அளவை எழுத வேண்டிய இடத்தில், அப்போதிருந்த பட்டியலாளர் மூல ஓவியத்தின் அளவை எழுதிவிட்டார். அந்த நூலகத்தில் பட்டியல் அட்டையில் என்ன எழுதுகிறார்களோ, படம் அப்படியே ஆகிவிடும். கட்டடம் எழும்பிய நாளிலிருந்தே அப்படித்தான், யாரும் பெரிதுபடுத்துவதில்லை. பின்னால் வந்தவர்கள் சூடு கண்ட பூனைகளாக ஒன்றுக்கு இரண்டு முறை அளந்தே எழுதினார்கள்.

அவர்களில் அளந்து எழுதுவதில் பெயர் எடுத்தவள், 'அளவுகோல்' என்று சக ஊழியர்கள் கேலியாகக் கூப்பிட்ட பெண். அவளுடைய அப்பா கடைகளுக்குப் பெயர்ப் பலகை எழுதுகிறவர். கல்யாணமான புதிதில் அருங்காட்சியகத்தில் ஓர் ஓவியத்திடம் மனதைப் பறிகொடுத்து, நடையாய் நடந்து பார்த்து, வீட்டில் வந்து நகல் எடுத்தார். ஜன்னலோரம் உட்கார்ந்து பட்டாணி உரிக்கும் பெண். ஜன்னல் வந்தது, வெளிச்சம் வந்தது, முகம் மட்டும் கைக்குப் பிடிபடவில்லை. கண்ணெதிரே இருந்த மனைவியின் முகத்தையே வரைந்துவிட்டார், முன்பல் இடைவெளி, மூக்கோர மச்சம் உட்பட. கேமராவைக் கண்டாலே சமையலறைக்குள் ஓடிவிடும் அந்த மனுஷி, மகளுக்கு நினைவு தெரியும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். ஆக, அளவுகோல் அம்மா என்று அறிந்தது அந்த நகலைத்தான். தினமும் அதனிடம் சொல்லிக்கொண்டுதான் வேலைக்குக் கிளம்புவாள்.

வீட்டுக் கூரை ஒழுகத் தொடங்கியதும், வெள்ளிக்கிழமைதோறும் வந்து பார்த்துக்கொள்வதாகச் சொல்லி அப்பா படத்தை நூலகத்துக்கே கொடுத்துவிட்டார். யார் எடுத்த நகலானாலும் மூல ஓவியர் பெயர் மேலே, நகல் எடுத்தவர் பெயர் கீழே என்பது அட்டை எழுதும் விதி. கீழ்வரிக்கு வந்தபோது அளவுகோலுக்குக் கை கூசியது. சொந்த அப்பனுக்குப் பேர் வாங்கித் தருகிறாள் என்பார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மூல ஓவியர், தலைப்பு, நகல், அளவு என்பதோடு நிறுத்திக்கொண்டாள். மறுநாள் காலையில் ஜன்னலோரம் வேறு யாரோ ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். கூரான மூக்கு, சின்ன உதடு, மூல ஓவியத்தில் இருந்த அதே முகம். "லட்சணமான பொண்ணு" என்றார் காவலாளி. அளவுகோல் பதற்றத்தில் அட்டையைக் கிழித்துப் போட்டாள். அந்தப் பெண்ணும் போய்விட்டாள். காலி நாற்காலியும் பாதி உரித்த பட்டாணியும்தான் மிச்சம்.

அன்று வெள்ளிக்கிழமை. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு அப்பா வந்தார். நாற்காலியை வெகுநேரம் பார்த்தார்.

"பட்டாணியைப் பாதியில விட்டுட்டு எழுந்திரிக்க மாட்டாளே. நீ என்னம்மா எழுதின?"

"உங்க பேரை எழுதக் கூச்சப்பட்டேன்ப்பா," என்று அழுதாள். "அம்மாவைத் தொலைச்சுட்டேன்."

"என் பேரு கெடக்கு விடு. ஜன்னல் அவரோடது, வெளிச்சம் அவரோடது, அவர் பேரே மேல இருக்கட்டும். மூஞ்சி நம்ம வீட்டோடது. அதை எழுதுவியா, மாட்டியா?"

புது அட்டை எடுத்தாள். மேலே மூல ஓவியர். கீழே நகல் எடுத்தவராக அப்பாவின் பெயர், பிறந்த வருடம், ஒரு சிறு கோடு. உயிரோடு இருப்பவர்களுக்குக் கோட்டுக்குப் பின்னால் இறந்த வருடத்துக்கு இடம் விட்டு வைப்பது பட்டியலாளர்களின் வழக்கம். கடைசியில் குறிப்பு: 'முகம் மூலத்தில் இல்லை, நகல் எடுத்தவரின் மனைவியுடையது.' நூலகம் மூடுவதற்குள் அம்மா வந்து உட்கார்ந்திருந்தாள். பட்டாணி முழுவதும் உரித்தாகியிருந்தது.

அளவுகோல் ஓய்வு பெற்றாள். அவளுக்குப் பின் வந்தவளும் ஓய்வு பெற்றாள். கோட்டுக்குப் பின்னால் எழுத யாருக்கும் மனம் வரவில்லை, இடம் காலியாகவே கிடந்ததால் எழுதும் அவசியமும் நேரவில்லை. அப்பா இப்போதும் வெள்ளிக்கிழமைகளில் வருகிறார், கூன் விழுந்த மகளைக் கைப்பிடித்துப் படியேற்றிக்கொண்டு. தெரியாதவர்கள் அவரை அவளுடைய தம்பி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

"நானும் வந்துடவான்னு உங்கம்மாகிட்ட கேட்டேன்," என்று மகளிடம் அலுத்துக்கொள்கிறார். "பொண்ணைத் தனியா விட்டுட்டு எங்க வரீங்கங்கறா."

பட்டியல் அட்டைகளைத் தூசி தட்டுகிறவர்கள், அந்தக் கோட்டுக்குப் பின்னால் மட்டும் விரல் படாமல் தட்டுகிறார்கள்.