மூன்றாம் கேமராவின் கடிகாரம்

விருது விழா தொடங்கிச் சற்று நேரம்தான். நேரலை அறையில் அக்காவுக்கு அதற்குள் வியர்த்துவிட்டது.

எல்லாக் கேமராவுக்கும் கடிகாரம் ஒன்றே. படத்தின் மூலையில் டைம்கோடாக ஓடும். பால்கனியில் தம்பி பிடித்திருந்த மூன்றாம் கேமரா மட்டும் நெட்வொர்க் கேபிள் வழியாக வந்தது. வழியில் கொஞ்சம் சுணங்கும். அதைச் சரிக்கட்ட விநாடிக் கட்டத்தில் போட வேண்டிய இரண்டை, அவசரத்தில் நிமிடக் கட்டத்தில் தட்டியிருந்தாள்.

"மூணாவது கேமரா ரெண்டு நிமிஷம் முந்தி ஓடுதே. நாளைக்கு வர்ற நியூஸையும் இப்பவே காட்டுமா?" என்றார் டைரக்டர்.

"எண்ணுதான் தப்பு சார். படம் சரியாத்தான் வருது."

சொல்லி வாயை மூடவில்லை, அந்தப் படம் சாய்ந்தது. பால்கனிக் கம்பி பிய்ந்தது. மேடை தலைகீழாயிற்று. படம் தரையில் மோதி நின்றபோது ஒரு கை கிடந்தது. மணிக்கட்டில் கறுப்பு வாட்ச். அம்மா இருவருக்கும் ஒரே மாதிரி வாங்கிக் கொடுத்தது.

மற்றக் கேமராக்களில் கூட்டம் கைதட்டிக்கொண்டிருந்தது. இரண்டாம் கேமராவின் ஓரத்தில் தம்பி அதே கம்பியில் ஹாயாகச் சாய்ந்திருந்தான்.

ஆக, இன்னும் நடக்கவில்லை. நடக்க இரண்டு நிமிடம் இருக்கிறது.

"டேய், கம்பிய விட்டு நகருடா," என்று மைக்கில் கத்தினாள்.

அவன் அசையவில்லை. இரைச்சல் தாங்காமல் ஹெட்செட்டைக் கழுத்தில் மாட்டிக்கொள்வது அவன் வழக்கம். எழுந்து ஓடினாள். கதவில் கை வைத்தவள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

படத்தில் கிடந்தது வலது கை. தம்பி வாட்சை இடது கையில்தான் கட்டுவான். இடதுகைப் பழக்கக்காரியான அவள்தான் வலதில் கட்டுகிறவள்.

போனால் அவள். போகாவிட்டால் அவன்.

திரும்பி வந்து பட்டனில் விரல் வைத்தாள். ஒரு கேமராவை நேரலையில் போட்டால் அதன் மேல் சிவப்பு விளக்கு எரியும். மூன்று தரம் போட்டுப் போட்டு எடுத்தால், 'உடனே கிளம்பி வா' என்பது அக்கா தம்பி பாஷை. அப்படியே செய்தாள்.

"என்னம்மா பண்றே? உலகமே பாக்குது," என்ற டைரக்டர் படத்தைப் பார்த்துக் குரலை இறக்கினார். "அது யாரு கை?"

இரண்டாம் கேமராவின் ஓரத்திலிருந்து தம்பி நகர்ந்தான். அடுத்த மூச்சில் அரங்கே அலறியது.

கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான் தம்பி. முழுசாக, உயிரோடு. அவளைக் கண்டதும் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"நீ எப்படி எனக்கு முன்னாடி வந்தே?"

"நான் எங்கடா போனேன்? சிவப்பு லைட்டப் பாத்துட்டுத்தானே வந்தே?"

"எந்த லைட்டு? நீதானேக்கா மேல வந்து, 'நகரு, நான் புடிச்சுக்கறேன்'னு கேமராவ வாங்கிக்கிட்டே."

மூன்றாம் கேமராவின் கடிகாரம் இன்னும் முந்தியே ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் படத்தில், தரையில் கிடந்த கையின் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின.

இரண்டு நிமிடம் கழித்து, மேசைமேல் இருந்த அவளுடைய வலது கை விரல்கள், அவளைக் கேட்காமலே மடங்கத் தொடங்கின.