முதல் பாதி மாப்பிள்ளை

சினிமாவைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. சூறாவளி நாயகன் வைரக்கண்ணன் நடித்த பதினோரு படங்களை நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் குறைந்தது இருபது தடவை. என்ன, ஒன்றைக்கூடத் தியேட்டரில் பார்த்ததில்லை. எல்லாம் பஸ்ஸில்தான்.

நான் ஜெராக்ஸ் மிஷின் மெக்கானிக். வீடு சிதம்பரத்தில், வேலை கடலூரில். 2004-லிருந்து ஐந்து வருடமாகக் காலை ஏழே காலுக்கு அதே தனியார் பஸ். அதன் கண்டக்டர் வைரக்கண்ணனின் ரசிகர் என்பதால் அந்த பஸ் டிவியில் வேறு யார் படமும் ஓடாது. சிதம்பரத்தில் எழுத்து போடுவார்கள். புதுச்சத்திரத்தில் முதல் பாட்டு. ஆலப்பாக்கத்தில் கதாநாயகி அவரைத் திட்டுவாள். முதுநகரில் வில்லனின் ஆட்கள் அவரை அடித்து, சட்டையைக் கிழித்து, சேற்றில் தள்ளுவார்கள். அவர் மெல்லத் தலையைத் தூக்கும்போது கடலூர் பஸ் ஸ்டாண்டு வந்துவிடும். டிரைவர் டிவியை அணைத்துவிடுவார். சாயங்காலம் திரும்பினால் அதே பஸ், அதே படம், மறுபடியும் எழுத்திலிருந்து.

ஆகவே வைரக்கண்ணனைப் பற்றி எனக்கு உறுதியான ஓர் அபிப்பிராயம் இருந்தது. பாவப்பட்ட மனிதர். 'லாரி லிங்கம்' படத்தில் டயர் கழுவிக்கொண்டிருப்பார், போகிறவன் வருகிறவன் எல்லாம் அவர் தலையில் தண்ணீர் ஊற்றுவான். 'கலெக்டர் கருப்பையா'வில் கலெக்டர் ஆபீஸ் வாசலில் டீ விற்பார். அப்புறம் கலெக்டர் யார் என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது. 'கெட்டவன் பேரு முத்தையா'வில் அவர் பெயர் முருகேசன். அரிசி மில்லில் மூட்டை தூக்குவார். கன்னத்தில் அறைந்தவனிடமே "கை வலிக்குதாங்க?" என்று கேட்பார். இருபது தடவையும் அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கியிருக்கிறது. அந்த முத்தையா யார், எப்போதுதான் வருவான் என்று ஜன்னலோரம் உட்கார்ந்து பல நாள் யோசித்திருக்கிறேன்.

2009-ல் என் அம்மா சவரியம்மாள் எனக்குப் பெண் பார்த்தாள். பெண் ஜெனிட்டா, கடலூர் செம்மண்டலம். ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. அங்கே மிஷின் ரிப்பேருக்குப் போனபோது அவளை ஒரு தடவை பார்த்திருக்கிறேன். ஊசியைக் குத்துவதற்கு முன்பே "அவ்ளோதான், ஆச்சு ஆச்சு" என்பாள். அந்தப் பொய் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. கட்டினால் இவளைத்தான் என்று அன்றைக்கே ஆசைப்பட்டேன். அது அப்படியே கூடி வந்ததில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

வெற்றிலை பாக்கு மாற்றி, அவர்களுடைய பங்குக் கோயிலில் முதல் ஓலையும் வாசித்தாயிற்று. எங்கள் கத்தோலிக்கர்களில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் பெண், மாப்பிள்ளை பெயரை வாசித்து, தடை ஏதாவது தெரிந்தால் வந்து சொல்லலாம் என்று சாமியார் கேட்பார். யாரும் போய்ச் சொல்வதில்லை. எங்கள் விஷயத்தில் போய்ச் சொன்னவர் பெண்ணைப் பெற்றவர்.

அவர் பெயர் ஜோசப்ராஜ். பெயிண்டிங் காண்ட்ராக்டர். முதல் ஓலை வாசித்த அன்று அவர்கள் வீட்டில் எனக்கும் அம்மாவுக்கும் விருந்து. சுவரில் இயேசுவின் திருஇருதயப் படத்துக்குப் பக்கத்தில், அதைவிட ஒரு சாண் பெரிதாக, கையில் அரிவாளோடு வைரக்கண்ணன். கடலூர் வட்ட ரசிகர் மன்றத் தலைவரே என் மாமனார்தான் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

"மாப்ள, நம்ம தலைவர் படம்லாம் பாக்கறது உண்டா?" என்றார், மீன் பரிமாறிக்கொண்டே.

"பதினோரு படமும் பாத்திருக்கேன் மாமா."

மாமா முகம் மலர்ந்தது. இன்னொரு வஞ்சிரம் துண்டு என் இலையில் விழுந்தது.

"எப்புடி?"

"பாவம் மாமா. ரொம்ப சாது. எவ்ளோ அடிச்சாலும் திருப்பி ஒரு அடி அடிக்கத் தெரியாது. இந்த மனுசனுக்கு ஒரு விடிவுகாலமே வராதான்னு எனக்கு மனசு ஆறாது."

கரண்டி அந்தரத்தில் நின்றது. "யாரு?"

"வைரக்கண்ணன்தான்."

"முத்தையா பாத்தீங்களா?"

"பாத்தேன். ஆனா முத்தையா வரவே இல்லயே மாமா."

சமையலறையில் ஏதோ பாத்திரம் விழுந்தது. மாமா கரண்டியை வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அவருக்கும் மனம் இளகிவிட்டது போலிருக்கிறது என்று எண்ணி ரசம் கேட்டேன்.

புதன்கிழமை சாமியார் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் அறையில் மாமா ஏற்கெனவே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"டோனி," என்றார் சாமியார், "தடைன்னா கிட்டத்து சொந்தம், முன்னாலயே ஒரு கல்யாணம் ஆயிருக்கு, இந்த மாதிரிதான் வரும். இவரு 'தலைவரைக் கோழை என்றார்'னு எழுதிக் குடுத்திருக்காரு. இத எதுல சேக்கறதுன்னு எனக்குப் புரியல."

"வேற மதம்னு போட்டுக்குங்க ஃபாதர்," என்றார் மாமா. "என் வூட்டு மீனத் தின்னுகிட்டே என் தலைவர நக்கல் பண்றாரு!"

"நக்கல் இல்ல மாமா, நெசமாவே பாவமா இருந்துச்சு," என்றேன். அது இன்னும் மோசமாகிப் போனது.

கடைசியில் மாமாவே தீர்ப்புச் சொன்னார். "வெள்ளிக்கெழம 'எரிமலை ஏகாம்பரம்' ரிலீஸ். எம் பக்கத்துல உக்காந்து பாக்கட்டும். பாத்துட்டும் இதேதான் சொல்லுவேன்னா ரெண்டாவது ஓலை கெடயாது."

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஜெனிட்டா கிடைக்காமல் போய்விடுவாளோ என்று இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பொய் சொல்வது என்று முடிவு செய்து, "வீரம் மாமா, வீரம்" என்று கண்ணாடி முன் சொல்லிப் பழகினேன். என் முகத்தை எனக்கே நம்ப முடியவில்லை.

வெள்ளிக்கிழமை கடலூரில் தியேட்டர் வாசல் முழுக்க மாமா ஆட்கள்தான். மாமாவுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் ஜெனிட்டா. படம் தொடங்கியது. ஏகாம்பரம் இட்லி மாவு அரைத்து விற்கிறவர். ஆரம்பத்திலிருந்தே அடி. ஒருவன் அவர் சைக்கிளை உடைத்தான். கடைசியில் மஞ்சள் சட்டைக்காரன் ஒருவன் ஒரு குண்டான் மாவை அவர் தலையில் கவிழ்த்தான். அவர் மெல்லத் தலையைத் தூக்கினார். விளக்கு எரிந்தது.

நான் எழுந்தேன். ஸ்பானர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "எறங்கணும், வழி விடுங்க" என்று எட்டு பேர் காலை மிதித்து வெளியே வந்துவிட்டேன். ஐந்து வருடப் பழக்கம். என் காலைச் சொல்லிக் குற்றமில்லை.

சைக்கிள் ஸ்டாண்டு அருகே ஜெனிட்டா ஓடி வந்து மறித்தாள். "எங்க போறீங்க?"

"படம்தான் முடிஞ்சிருச்சே."

"இது இண்டர்வெல்லுங்க. பாதிதான் ஆயிருக்கு."

"இன்னும் இருக்கா?" என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நான் பஸ் கதையைச் சொன்னேன். சிதம்பரம், புதுச்சத்திரம், ஆலப்பாக்கம், முதுநகர். அவள் யாருடைய சைக்கிளையோ பிடித்துக்கொண்டு சிரித்தாள். மணி அடிக்கும்வரை சிரித்தாள்.

"உள்ள வாங்க மொதல்ல. நீங்க புடிக்காம வெளிநடப்பு பண்ணிட்டீங்கன்னு எங்கப்பா கொதிச்சிப் போயிருக்காரு."

திரும்பிப் போய் உட்கார்ந்தேன். ஏகாம்பரம் முகத்து மாவை வழித்து எறிந்தார். கண்ணைத் திறந்தார். ஓங்கி ஓர் அறை விட்டார். ஒருத்தன் கிரைண்டரைத் தாண்டிப் பறந்துபோய் விழுந்தான்.

வைரக்கண்ணன் திருப்பி அடிக்கிறார்! டயர் கழுவியவர், டீ விற்றவர், மூட்டை தூக்கியவர். ஐந்து வருடம், தினம் இரண்டு வேளை இந்த மனிதர் அடி வாங்குவதைப் பார்த்துவிட்டு இறங்கிப் போனவன் நான். இருக்கை மேல் ஏறினேன்.

"அடிங்க சார்! அவன விடாதீங்க, அந்த மஞ்ச சட்ட! மாவ ஊத்துனது அவன்தான்! தூணுக்குப் பின்னாடி இன்னொருத்தன் ஒளிஞ்சிருக்கான் பாருங்க, சைக்கிள ஒடச்சது அவன்!"

முன் வரிசை முழுக்கத் திரும்பியது. மன்றத்துக்காரர்களுக்கு அடி கொடுப்பது மட்டும்தான் ஞாபகம். யார் யார் எங்கெங்கே அடித்தார்கள் என்பது எனக்குத்தான் தெரியும். கத்தினேன், அழுதேன், விசிலடிக்கத் தெரியாமல் வெறும் காற்று ஊதினேன். படம் முடிந்தபோது குரல் போயிருந்தது.

வாசலில் மாமா என்னைக் கட்டிக்கொண்டார். அவருக்கும் கண் சிவந்திருந்தது. "இருவது வருசமா மன்றத்துல இருக்கேன் மாப்ள. இப்புடி ஒருத்தன நான் பாத்ததில்ல."

"மாமா, அப்ப அந்த முத்தையா..."

"அவருதான் மாப்ள முத்தையா!"

நான் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டாவது ஓலை வாசித்தார்கள். அந்த வாரம் மாமா பதினோரு டிவிடியும் கொடுத்து அனுப்பினார். எல்லாவற்றையும் இடைவேளையிலிருந்து போட்டுப் பார்த்தேன். லாரி லிங்கத்துக்கு நாற்பது லாரி சொந்தம். கருப்பையா டீ விற்றது மாறுவேடத்தில். பார்க்கப் பார்க்க எனக்குள்ளும் ஏதோ ஏறியது. சட்டைக் காலரைத் தூக்கிவிட்டேன். டீக்கடைக்காரர் "சர்க்கர ஜாஸ்தியா?" என்று கேட்டதற்கு மெல்லத் தலையைத் தூக்கிப் பார்த்தேன். அவர் பயந்து வேறு டீ போட்டார்.

மூன்றாவது ஓலை வாசித்த ஞாயிறு, பூசை முடிந்து கோயில் வாசலில் ஜெனிட்டா என்னைத் தனியே நிறுத்தினாள்.

"கழுத்துல சுளுக்கா?"

"இல்லயே."

"அப்ப ஏன் தலய அவ்ளோ மெதுவா தூக்கறீங்க?"

என் கை தானாகக் காலருக்குப் போனது.

"எங்கப்பா படத்துல ரத்தத்தப் பாத்தா விசிலடிப்பாரு. சுகர் டெஸ்டுக்கு வெரல நீட்டுங்கன்னா ரெண்டு பேர் புடிக்கணும்," என்றாள். "எங்க வூட்ல அப்பா, சித்தப்பா, அண்ணன் எல்லாருமே ரெண்டாம் பாதிதான். கொழம்புல உப்பு ஜாஸ்தின்னா தட்டு பறக்கும். அன்னிக்கி நீங்க சாப்டுகிட்டே, 'பாவம், அடி வாங்கறாரே'ன்னு சொன்னீங்கல்ல? அடுப்படில பாத்திரத்த கீழ போட்டது நான்தான். நிச்சயம் அன்னிக்கி அம்மா சொன்னாங்கன்னு சரின்னேன். பாத்திரம் வுழுந்த அன்னிக்கிதான் நானா சரின்னேன்."

நான் காலரை இறக்கிவிட்டேன். இவள் கிடைக்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன்.

"நம்ம படத்துக்கு இண்டர்வெல்லு விட்ராதீங்க, என்ன?" என்று சொல்லி, என் தோளில் பட்டென்று ஓர் அடி வைத்தாள். ஊசி பிடித்துப் பழகிய கை. நல்ல அடிதான்.

"கை வலிக்குதாங்க?" என்றேன்.