ஒரு நூல் கூடுதல்

ஸ்க்ரூவோடு சேர்ந்து துளையிலிருந்து ஏதோ ஒன்று வெளியே வந்தபோது, மேஸ்திரி அதை முதலில் பூச்சிக்கூடு என்றுதான் நினைத்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். துணி. பசையில் ஊறி இறுகிப்போன துணி. நீலத்தில் வெள்ளைப் புள்ளி. அதே நீலம், அதே புள்ளி, அவர் தினமும் போர்த்திக்கொண்டு தூங்கும் போர்வையில், சரியாகக் கழுத்தருகே, ஒரு சதுரமாக இருந்தது. துண்டுத் துணிகளைச் சதுரம் சதுரமாக வெட்டி இணைத்து அவர் மனைவி தைத்த போர்வை அது. அந்தத் துணி சுவருக்குள் எப்படிப் போனது என்பதற்கு ஒரு நல்ல காரணம் இருக்கும் என்று அவர் அப்போதும் நம்பினார். அவர் நல்ல காரணங்களை நம்புகிற மனிதர், குறிப்பாகத் தன்னைப் பற்றியவற்றை.

அவர் உண்மையில் மேஸ்திரி இல்லை. ஓர் அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். மேஸ்திரி என்பது குடியிருப்பில் யாரோ கிண்டலுக்கு வைத்த பெயர்; அவர் காதுக்கு வந்து சேர்வதற்குள் அது பட்டமாகிவிட்டது. "மேஸ்திரி சார்" என்று கூப்பிட்டால்தான் இப்போதெல்லாம் திரும்பிப் பார்க்கிறார். வீட்டில் பலகை, திரைக்கம்பி, கண்ணாடி, செருப்புத் தட்டு எல்லாம் அவர் கையால் மாட்டியவை. வந்தவர்கள் யாரும் அவற்றைப் பார்க்காமல் தண்ணீர்கூடக் குடித்துவிட்டுப் போக முடியாது. அவருக்கென்று ஒரு சித்தாந்தமும் இருந்தது. தச்சர்கள் நூல் என்று ஓர் அளவு சொல்வார்கள், அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. தேவையான துளையைவிட ஒரு நூல் கூடுதலாகப் போட வேண்டும் என்பதுதான் அவர் சித்தாந்தம். எந்தத் தச்சரும் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை. "சுவருக்கும் மூச்சு விட இடம் வேணும் சார். ரொம்ப இறுக்கினா வெடிச்சுடும். மனுஷனும் அப்படித்தான்" என்பார். கடைசி வாக்கியத்துக்குப் பிறகு ஓர் இடைவெளி விடுவார், கேட்டவர் அதன் ஆழத்தில் இறங்கிப் பார்த்துவிட்டு ஏறி வரட்டும் என்று.

நாளைக் காலை, குடியிருப்பின் பொதுக்கூடத்தில், இந்தச் சித்தாந்தத்தை அவர் முறைப்படி உலகத்துக்கு வழங்குவதாக இருந்தது. "நம் வீடு நம் கையில்" என்று ஒரு பயிற்சி வகுப்பு. சங்கச் செயலாளரே படியேறி வந்து அழைத்துவிட்டுப் போனார். வாசலில் ஒட்டிய அறிவிப்பில் "கைவினை வல்லுநர்" என்று போட்டிருந்தார்கள். முன்னால் "மூத்த" என்று சேர்த்தால் நன்றாக இருக்கும் என்று மேஸ்திரி அபிப்பிராயப்பட்டார், சேர்த்தார்கள். இத்தனை வருஷம் அசையாமல் நின்ற தன் முதல் பலகையையே கழற்றி எடுத்துப் போய், எல்லார் முன்னாலும் பொதுக்கூடத்துச் சுவரில் மாட்டிக் காட்டுவது என்று திட்டம். அதற்காகத்தான் இப்போது முக்காலியில் ஏறி நின்றுகொண்டிருந்தார்.

இரண்டாவது ஸ்க்ரூவில் மஞ்சள் கோடு போட்ட துணி வந்தது. மூன்றாவதில் மறுபடி நீலம். மேஸ்திரி பலகையைத் தரையில் சாய்த்துவிட்டு, திருப்புளியும் கையுமாகச் செருப்புத் தட்டுக்குப் போனார். அங்கே மகளின் பள்ளிச் சீருடை இருந்தது, சாம்பல் கட்டம். நிலைக்கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பழைய தலையணை உறை. ஜன்னல் திரைக்கம்பியில் இருந்ததை அவர் இரண்டு தடவை புரட்டிப் பார்த்தார். இளம்பச்சை. அலுவலகத்தில் பதவி உயர்வு வந்த அன்று அவர் போட்டிருந்த சட்டை. ராசியான சட்டை என்று வைத்திருந்து, எங்கே போனது என்று பல நாள் தேடியது. அது எங்கும் போகவில்லை. இவ்வளவு காலமும் இதே ஜன்னலுக்கு மேலே, அவர் போட்ட ஓட்டைக்குள் சுருண்டு கிடந்து, அவருடைய கௌரவத்தைத் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

உள்ளறையில் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. வழக்கமாக அந்தச் சத்தம் அவர் காதில் விழுவதே இல்லை, மின்விசிறிச் சத்தம்போல. இப்போது ஒவ்வொரு தையலும் தனித்தனியாகக் கேட்டது. கழற்றிய ஸ்க்ரூக்களை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உள்ளே போனார். அவள் ஒரு புதுப் போர்வைக்குக் கரை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். ஊசிக்குப் பக்கத்திலேயே, தைக்கிற துணியின் மேல், எல்லாவற்றையும் கொட்டினார்.

"இது என்ன?"

அவள் குனிந்து பார்த்தாள். "துணி."

"துணின்னு எனக்கும் தெரியும்."

"அப்புறம் எதுக்குங்க கேக்குறீங்க." ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, பொத்தான் டப்பாவின் மூடியில் போட்டாள். துணி கிழிந்துவிடக் கூடாது என்ற கவலை மட்டும்தான் அவள் விரல்களில் தெரிந்தது.

"எவ்வளவு நாளா நடக்குது இது?"

"முதல் பலகைலேர்ந்து. கீழ பாப்பா தொட்டில் இருந்துச்சு. நீங்க மாட்டி முடிச்சுட்டு, நாலு பேரைக் கூட்டிட்டு வந்து காட்டுறேன்னு கீழ போனீங்க. சும்மா தொட்டேன். கையோட வந்துடுச்சு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னேனே. ஆடுதுங்கன்னு சொன்னேன். சுவரு மூச்சு விடுதுன்னு சொன்னீங்க."

மேஸ்திரிக்கு அது ஞாபகம் இருந்தது. ஞாபகம் இருந்ததுதான் கஷ்டமாக இருந்தது. அன்று நாலு பேரோடு மேலே வந்து பலகையைப் பிடித்து ஆட்டிக் காட்டியதும், அது மலைபோல நின்றதும், அவள் கதவோரம் நின்று "அசையவே இல்லையே" என்று சொன்னதும்கூட. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் அவர் அடுத்த பலகையை மாட்டினார், அதற்கடுத்ததையும். அலுவலகத்தில் யாரும் அவரைப் பற்றி அப்படி ஒன்றும் சொன்னதில்லை. பதவி உயர்வுகூட முறை வந்ததால் வந்தது.

"அசையவே இல்லைன்னு சொன்னியே. ஒவ்வொரு தடவையும் சொன்னியே."

"அசையலையே. நான் துணி வச்சப்புறம் எங்க அசைஞ்சுது."

அவள் பொய் சொல்லவில்லை என்பது அவருக்குப் புரிந்தது. பொய் சொல்லியிருந்தால் கோபித்துக்கொள்ளலாம், கத்தலாம், சாப்பிடாமல் படுக்கலாம். இதில் பிடித்துக்கொள்ள ஒரு விளிம்புகூட இல்லை. "பாப்பாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

அவள் மிதியை அழுத்தினாள். மிஷின் ஒரு சாண் ஓடி நின்றது. அந்த ஒரு சாணில் அவருக்கு எல்லாம் வந்து சேர்ந்தது. வெளியூரில் குடித்தனம் நடத்தும் மகள், அவர் புதிதாக எதையாவது மாட்டிவிட்டுப் போனில் பெருமையடித்துக்கொண்டால், "சூப்பர்ப்பா, அம்மாகிட்ட குடுங்க" என்பாள். போன் கை மாறும். இவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தைச்சாச்சுடி, நல்லா இறுக்கமா தைச்சுட்டேன்" என்பாள். சில நாள், "இல்லடி, இன்னும் தைக்கலை, தூங்கட்டும்" என்பாள். பாவம், இவளுக்கு உலகமே போர்வைதான் என்று நாற்காலியில் சாய்ந்தபடி அவர் பெருந்தன்மையோடு இரங்கியிருக்கிறார். யார் தூங்கட்டும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. தாயும் மகளும் அவருக்கு முன்னாலேயே, அவருக்குத் தெரிந்த சொல்லை வைத்தே, அவரைத் தைத்திருக்கிறார்கள்.

"அப்ப செயலாளர் வீட்டுல நான் மாட்டின அலமாரி?"

"அன்னிக்கு அவங்க வீட்டுக்குப் போர்வை மாடல் காட்டப் போனேன்ல."

"எதிர் வீட்டுக் கடிகாரம்?"

"அங்கயும் மாடல் காட்டினேன்."

அவளுடைய துணிப்பை அவர் கண் முன்னால் வந்தது. அவர் எந்த வீட்டில் டிரில் மிஷினை எடுத்தாலும், அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ அந்தப் பை அந்த வீட்டுக்குப் போயிருக்கிறது. அக்கம்பக்கத்தில் தன் மனைவிக்கு இவ்வளவு சிநேகம் இருப்பதற்குத் தன் புகழ்தான் காரணம் என்று அவர் நினைத்திருந்தார். ஒரு வகையில் அது சரிதான்.

கேட்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே கேட்டார். "நாளைக்கு வகுப்பு?"

முதல் தடவையாக அவள் முகம் மாறியது. போர்வையின் கரையை நீவிவிட்டாள். "ஓய்வு வாங்கினதுலேர்ந்து நீங்க ஒரு மாதிரி இருந்தீங்க. சுவரையே பாத்துட்டு உக்காந்திருந்தீங்க. செயலாளர் வீட்டம்மாகிட்ட சும்மா பேச்சுவாக்குல சொன்னேன். அவங்கதான் அவர்கிட்ட…"

"அதையும் தைச்சுட்ட."

"நல்லதுக்குத்தானேங்க."

"கூடத்துல வந்து உக்காரப் போறவங்களுக்கெல்லாம் தெரியுமா? சுவரு மூச்சு விடணும்னு நான் பேசும்போது எல்லாரும் தலையைத் தலையை ஆட்டுவாங்கள்ல, தெரிஞ்சுதான் ஆட்டப் போறாங்களா?"

"எல்லாருக்கும் இல்லை," என்றாள். அந்தப் பதிலின் தாராளம் அவரை அடித்துப் போட்டது. அவள் மேஜை ஓரத்தில் ஒரு காகித உறை இருந்தது. நிறைய வெட்டிய துணித்துண்டுகள், விரல் நீளத்துக்கு, ஒழுங்காக. போர்வைக்கு இவ்வளவு சின்னத் துண்டு ஆகாது. நாளை சாயங்காலம் பொதுக்கூடத்துச் சுவருக்கு.

கத்தவில்லை. கத்துவதற்கு ஒரு சொந்தக் குரல் வேண்டும். அதிலும் எதைச் செருகி வைத்திருக்கிறாளோ என்று இருந்தது. திருப்புளியை இறுக்கிப் பிடித்தபடி அறையைச் சுற்றிப் பார்த்தார். ஒன்று, ஒரே ஒன்று, இந்த வீட்டில் அவருடையதாக இருக்க வேண்டும். கழற்றிப் பார்க்காத சுவர் இது மட்டும்தான். மிஷினுக்கு மேலே, அவள் தலைக்கு நேர் மேலே, நூல்கண்டுத் தட்டு இருந்தது. மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருஷம் மனைவிக்கென்று அவர் செய்து மாட்டியது. சிவப்பும் மஞ்சளும் கறுப்புமாக வரிசையாக நூல்கண்டுகள், ஓரத்துக் கொக்கியில் கனமான பெரிய கத்தரிக்கோல். அதற்கடியில்தான் அவள் இத்தனை வருஷமும் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறாள்.

அதிலும் துணி இருந்தால், அவள் ஒரு நாள்கூட அவரை நம்பவில்லை. இல்லாவிட்டால்?

கூடத்திலிருந்து முக்காலியை இழுத்து வந்தார். தரையில் அது கிறீச்சிட்டது. "எதுக்குங்க இப்ப," என்றாள் அவள். குரலில் பயம் இருந்ததா, அலுப்பு இருந்ததா என்று அவருக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் பிரித்துப் பார்த்துப் பழகியதும் இல்லை.

"கொஞ்சம் தள்ளி உக்காரு."

அவள் அண்ணாந்து தட்டைப் பார்த்தாள், பிறகு அவரை. மிதியிலிருந்து காலை எடுத்தாள். நாற்காலியை மட்டும் நகர்த்தவில்லை.

மேஸ்திரி ஏறினார். திருப்புளியின் நுனி ஸ்க்ரூவின் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. அரைச் சுற்று, இன்னும் அரைச் சுற்று. தட்டிலிருந்து சிவப்பு நூல்கண்டு ஒன்று நழுவி, அவள் தோளில் பட்டு, மடியில் விழுந்து, தரையில் இறங்கி, நூலை நீளமாக விட்டுக்கொண்டே கூடத்துப் பக்கம் உருண்டது. இருவரும் அதைப் பார்க்கவில்லை. ஸ்க்ரூ மெல்ல வெளியே வந்துகொண்டிருந்தது.