ரெண்டு இடது கால்

எங்க வீட்டுக்காரர் ஈஸ்வரபாண்டி தேவாரத்துல கிரில் பட்டறை வச்சிருக்காக. அவுக பின்னால பைக்குல உக்காந்து போறது ஒரு தண்டனை. வழியில இருக்குற கேட்டு, ஜன்னல், கோழிக்கூண்டு எல்லாத்தையும் காட்டி, "இது நான் வளைச்சது"ம்பாக. கல்யாணமான புதுசுல ஆசையாத் தலையாட்டினேன். இப்ப கழுத்து வலிக்குது.

நான் உரக்கடை பாக்குறேன். ஓய்வு நேரத்துல ரிமோட்டுல பறக்குற சின்ன விமானம் செய்வேன். ஊருக்குள்ள இதப்பத்தி என்ன பேசுறாகன்னு எனக்கே தெரியும், யாரும் வந்து சொல்ல வேண்டாம். மதுரையில இதுக்குன்னு ஒரு கிளப் இருக்கு. வருசத்துக்கு ஒரு தடவ எங்க ஊர் காஞ்ச கண்மாயில வந்து பறக்க விடுவாக. தரையில ஓடி ஏறி, ஒரு சுத்து சுத்தி, வயிறு தரையில படாம சக்கரத்துலயே வந்து நின்னா நம்மளையும் உறுப்பினராச் சேத்துக்கிடுவாக. போன வருசம் என் விமானம் இறங்கும்போது சக்கரம் மாட்டுன கால் மடங்கி வயிறு தேச்சுருச்சு. கிளப் செயலாளர் அஜய்குமார், "நீங்க பட்டம் விடுங்களேன்க்கா"ன்னு சிரிச்சான். என் கடைசித் தம்பி வயசு இருக்கும். அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கல. இந்த வருசம் அவன் கையாலயே என் பேர எழுத வைக்கணும், எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்.

அதுக்காகத்தான் காலுக்குத் தடிச்ச ஸ்பிரிங் கம்பி வாங்குனேன். பிடிவாதம் பிடிச்ச கம்பி அது. வேண்டியதுக்கு மேல கொஞ்சம் மடக்கணும். விட்டதும் தன்னால பின்வாங்கிச் சரியான எடத்துல நிக்கும். கம்பிய இறுக்கிப் பிடிக்கிற வைஸ்ல கடிக்க விட்டு, பைப்ப மாட்டி, மெதுவா இழுத்து ரெண்டு கால் வளைச்சேன். கோணம் அச்சு அசல். மாட்டிப் பாத்தா ரெண்டுமே இடது கால். கால் லேசா முன்னால சாஞ்சிருக்கணும். வலப்பக்கம் மாட்டுனது பின்னால சாஞ்சு நின்னுச்சு. ஒண்ணப் பாத்து இன்னொண்ண அப்படியே வளைச்சிருக்கேன், மடச்சி.

"வீட்டுலயே ஆள வச்சுக்கிட்டு எதுக்குச் சங்கடப்படுற? மிச்சக் கம்பியக் குடு"ன்னாக வீட்டுக்காரர்.

"சூடு மட்டும் வைக்காதீக. வச்சா ஸ்பிரிங் செத்துப்போகும்."

"உமா, நான் எத்தன கேட்டு..."

"தெரியும்."

டீ ஆறுறதுக்குள்ள கொண்டு வந்தாக. இடது ஒண்ணு, வலது ஒண்ணு, கறுப்புப் பெயிண்ட் வேற. "துருப்பிடிக்கும்ல"ன்னாக. என்ன ஒரு அக்கறைன்னு பூரிச்சுப் போனேன். என்னோட ரெண்டு இடது காலையும் டூல்ஸ் பெட்டியில போட்டுட்டேன்.

கண்மாயில என் முறை வந்ததும், அவுக பையில இருந்து சூடம், குங்குமம், ரெண்டு எலுமிச்சம்பழம் எடுத்தாக. சக்கரம் வச்ச எந்தப் புது வண்டியும் எங்க வீட்டுல பழம் நசுக்காம நகராது. டிராக்டருக்கு அந்த மரியாதை, மொபட்டுக்கும் அதே மரியாதை. விமானத்து மூக்குல பொட்டு வச்சு, கால் சக்கரம் ரெண்டுக்கும் அடியில பழத்த வச்சாக. விமானம் மூணு கிலோ. பழம் நசுங்கல. விமானம் பழத்து மேல ஏறி நின்னுக்கிருச்சு.

"நசுங்கலைன்னா ஆகாது"ன்னு முதுகுல கைய வச்சு அமுக்குனாக. பழம் நசுங்குச்சு. கால் ரெண்டும் அப்பப் பிறந்த கன்னுக்குட்டி மாதிரி விரிஞ்சுச்சு. கைய எடுத்த பின்னாடியும் விரிஞ்சது விரிஞ்சபடியே கிடந்துச்சு. ஸ்பிரிங் உசுரோட இருந்தா திரும்பி வந்திருக்கும்.

"சூடு வச்சீகளா?"

"லேசா."

"லேசான்னா?"

"செவக்குற வரைக்கும்."

சூடு வச்ச தடத்த மறைக்கத்தான் பெயிண்ட்டுன்னு அப்பத்தான் விளங்குச்சு. அவுக குனிஞ்சு, வெறுங்கையாலயே ரெண்டு காலையும் நிமித்தி விட்டாக. கையால நிமிர்ற கம்பி இறங்குறப்ப என்னத்தத் தாங்கும்? ஒரு வருசமா இந்த நாளுக்காகக் கிடந்தேன், அழுகை வந்துருச்சு.

"அடுத்த ஆளக் கூப்பிடவாக்கா?"ன்னான் அஜய்குமார்.

"கூப்பிட்டுப் பாரு"ன்னுட்டு டூல்ஸ் பெட்டியத் திறந்தேன். செத்த கால் ரெண்டையும் கழட்டி வீசிட்டு, என் இடது கால் ரெண்டையும் மாட்டுனேன். ஒண்ணு முன்னால, ஒண்ணு பின்னால. விமானம் நடந்து போற மாதிரி நின்னுச்சு. அவுக ஸ்குரூவ மட்டும் எடுத்து எடுத்துக் குடுத்தாக.

கோணலா ஓடி ஏறுச்சு. சுத்துச்சு. இறங்குறப்பத் தொம்முன்னு விழுந்துச்சு. கால் ரெண்டும் விரிஞ்சு, விமானத்தத் தூக்கிவிட்டு, பழையபடி வந்து நின்னுச்சு. அப்புறம் அரை வட்டம் போட்டு ஓடி, அஜய்குமார் முன்னால போயி நின்னுச்சு.

அவன் தரையில படுத்து வயித்தப் பாத்தான். ஒரு கீறல் இல்ல. காலப் பாத்தான்.

"இத யாருக்கா வளைச்சது?"

நான் சொல்றதுக்குள்ள அவுக முந்திக்கிட்டாக. "அவதான். ரெண்டையும் அவதான் வளைச்சா. நான் வளைச்சது அந்தா அங்கன கிடக்கு."

கண்மாயில இருந்த அத்தன பேரும் திரும்பி, மண்ணுல கிடந்த கறுப்புக் கால்களப் பாத்தாக. நான் அவுகளையே பாத்துக்கிட்டு நின்னேன். அஜய்குமார் என் பேர எழுதுனத நான் சரியாக்கூடப் பாக்கல.

வீட்டுக்குத் திரும்பி வர்ற வழியெல்லாம் கேட்டு. அவுக ஒண்ணையும் காட்டல. முக்குத் திரும்புறப்ப எனக்கு மனசு பொறுக்கல.

"அந்தப் பெரிய கேட்டு யாரு வளைச்சது?"ன்னு கேட்டேன்.

"நான்தான்"னாக, மெதுவா.