மூன்றாம் கிளாஸ் டிரைவர்

ஆத்மநாதனுக்கு லீவு முடிய இன்னும் நான்கே நாட்கள். ஊருக்கு வந்த நாள் முதல் அவனால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சோற்றில் கை வைத்தால் பாதியில் எழுந்து வாசலுக்குப் போவான். கண்மாய் வரை நடந்துவிட்டு, எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்புவான். சட்டைப்பையைத் தொட்டுப் பார்ப்பான். உள்ளே அந்தக் காகிதம் இருக்கும்.

பட்டாளத்தில் இரண்டு வருடம் கிடந்து சம்பாதித்த காகிதம் அது. அஸ்ஸாம் மலைப் பாதையில் மூன்று டன் லாரி ஓட்டிக் காட்டியதற்கு, 'மோட்டார் டிரைவர், மூன்றாம் கிளாஸ்' என்று ஒரு வெள்ளைக்காரக் கேப்டன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தான். சண்டை முடிந்து வெளியே வந்தால் அதுதான் பிழைப்பு. இனி ஏர் பிடிப்பதில்லை என்று முடிவு செய்திருந்தான்.

வெள்ளிக்கிழமை காலையில், வல்லத்திராக்கோட்டை பஸ் முதலாளி ரெங்கசாமியிடம் காகிதத்தை நீட்டினான்.

"சண்டை முடிஞ்சு வந்ததும் வேலை தாரேன்னு ஒரு வாக்கு குடுங்க முதலாளி."

ரெங்கசாமி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "இங்கிலீசு எனக்கு எங்க தெரியுது? வண்டியில ஏறு. புதுக்கோட்டை வரைக்கும் ஓட்டு, பாப்போம்."

அது கரி பஸ். பெட்ரோல் கிடைக்காத காலம் என்பதால் பின்பக்கம் ஆள் உயர இரும்பு அடுப்பு ஒன்றைப் பொருத்தி, அதில் கரியைப் புகைய விட்டு, அந்த வாயுவில் என்ஜினை ஓட்டினார்கள். அப்படி ஒரு வண்டியை ஆத்மநாதன் தொட்டதே இல்லை. பட்டாளத்தில் பெட்ரோலுக்குப் பஞ்சமில்லை. அதைச் சொல்லாமலே டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தான். சந்தைக்குக் கத்தரிக்காய்க் கூடையோடு அவன் மனைவி அமராவதி வேறு மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

ஊரைத் தாண்டியதும் கண்மாய்க்கரை மேடு வந்தது. மேட்டடியில் வேகத்தைக் குறை, கீழ் கியருக்கு வா. பட்டாளத்தில் அடித்துச் சொல்லிக் கொடுத்த பாடம். அப்படியே செய்தான். பாதி மேட்டில் பஸ் நான்கு தடவை இருமிவிட்டு நின்றது.

"ஏப்பா பட்டாளம், ஜப்பான்காரன வெரட்டுறது நீதானா?" என்றாள் மூக்காயி என்ற கருவாட்டுக்காரி. "அவன் நம்ம ஊருக்கே வந்துருவான் போலருக்கே!"

பஸ்ஸே சிரித்தது. எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள். அமராவதியும் தள்ளினாள், அவன் முகத்தைப் பார்க்காமல். பஸ் அசையவில்லை.

"எல்லாரும் தள்ளி நில்லுங்க" என்று கத்திவிட்டு, பிரேக்கைத் தளர்த்திப் பின்னாலேயே உருளவிட்டான். சமதரையில் வெகுதூரம் பின்வாங்கி நிறுத்தினான். கண்டக்டர் அடுப்பின் காற்றாடியைக் கையால் சுற்ற, இவன் என்ஜினுக்குள் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் லீவரை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி என்ஜினின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தான். சத்தம் கனத்தது. இந்தக் கரி வண்டிக்கு மெதுவாக ஏறத் தெரியாது, ஓடி ஏறத்தான் தெரியும் என்று பிடிபட்டது. ஒரே மூச்சில் மேட்டில் ஏற்றினான். ஏற்றிய வேகத்தில் நிறுத்தப் பயந்து ஓட்டிக்கொண்டே போக, "யோவ், எங்களையும் ஏத்திக்கிட்டுப் போய்யா!" என்று மூக்காயி கூடையோடு பின்னால் ஓடிவந்தாள்.

புதுக்கோட்டையில் இறங்கியதும் ரெங்கசாமி அவன் தோளில் தட்டினார்.

"திங்கக்கெழமையிலேருந்து நீதான் டிரைவர்."

"திங்கக்கெழம நான் ரயில்ல இருப்பேங்க."

"போகாத. என் டிரைவர்களத்தான் பட்டாளம் அள்ளிக்கிட்டுப் போயிருச்சே, அங்கேருந்து ஒருத்தன் இங்கிட்டு வந்தா என்ன? இது ராஜா சமஸ்தானம்யா, வெள்ளைக்காரன் சீமை இல்ல. எவன் தேடி வாரான்?"

"சண்டை முடிஞ்சு வாரேனே முதலாளி."

"அன்னைக்கு ஒன்னைய மாதிரி ஆயிரம் பேரு இதே காயிதத்த நீட்டிக்கிட்டு நிப்பான். ஒன்னைய எதுக்கு நான் எடுக்கணும்?"

தூக்கம் வராத இரவுகளில் ஆத்மநாதன் தன்னையே கேட்டுக்கொண்ட கேள்விதான் அது.

"இருந்துருங்களேன்" என்றாள் அமராவதி மெதுவாக. "அவரே கூப்புடுறாரு."

"இருந்துட்டு? லைசென்சு யாரு பேர்ல எடுக்குறது? பட்டாளத்துலேருந்து ஓடி வந்தவன் பேர்லயா?" அவன் முதலாளி பக்கம் திரும்பினான். "போய்ச் சேந்த பத்தாம் நாளு இதுக்கு மேல் படி, ரெண்டாங் கிளாஸ் பரீட்சை. என்ஜின முழுசாப் பிரிச்சுப் பூட்டணும். ஆயிரம் பேர்ல அத முடிச்சவன் அம்பது பேரு இருந்தாப் பெருசு. நான் அந்தக் காயிதத்தோட வாரேன்."

"பெயிலாயிட்டா?"

"மறுபடி பிரிச்சுப் பூட்டுவேன்."

"வாக்கெல்லாம் என்னால குடுக்க முடியாது தம்பி."

"வேணாங்க."

அமராவதி கூடையருகே குனிந்தாள். "அடுத்த லீவு எப்ப?"

"தெரியல."

"தூக்கி விடுங்க. காய் வாடுது."

தூக்கிவிட்டான். அவள் திரும்பிப் பார்க்காமல் சந்தைக் கூட்டத்துக்குள் போனாள். கூடை மறையும் வரை நின்றான். பின்னாலே ஓடலாமா என்றுகூட இருந்தது.

"திரும்புற டிரிப்பு யாருய்யா ஓட்டுறது?" என்றார் ரெங்கசாமி.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் நானே ஓட்டுறேங்க" என்றவன், சட்டையைக் கழற்றி ஜன்னலில் மாட்டிவிட்டு, பஸ்ஸின் பின்பக்கம் போனான். "அண்ணே, இந்த அடுப்பப் பிரிச்சா உள்ள என்ன இருக்கு?" என்று கண்டக்டரிடம் கேட்டான்.